கட்டினால் கட்டணும்

படகுத் துறைமேடைக் கட்டண எழுத்தரின் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. 'கட்டணும்' என்றால் எல்லோருக்கும் தெரியும். தூணில் கயிறு கட்டினால் பணம் கட்டணும். மனுஷனுக்குத் தெரிந்த ஞானமெல்லாம் அவ்வளவுதான்.

சட்டம் என்னவோ இரண்டே வரி. தூணில் கட்டி மிதக்கும் எதற்கும் நாள் கட்டணம் உண்டு. ஆறடிக்குக் குறைந்தால் இலவசம். இதை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அவர் படகுக்காரர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சொந்த மச்சினன் தெப்பம் ஐந்தடி பதினொரு அங்குலம்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த துடுப்பையும் சேர்த்து அளந்து ரசீது கிழித்தார், பாவி.

ஒரு நாள் காலை அளவுநாடாவைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தவர், மேடை முடிந்ததைக் கவனிக்கவில்லை. தொபுக்கடீர்! நீச்சலும் தெரியாது.

மச்சினன் ஓடிவந்து கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை வீசினான்.

"மாமா, இடுப்புல கட்டிக்குங்க! ஆளக் கூட்டிட்டு வந்து தூக்கறேன்!"

"பிடிச்சுக்கறேன்டா! கட்ட மாட்டேன்!"

இரண்டு மடக்கு உப்புத்தண்ணீர் உள்ளே போனதும் கொள்கை இளகியது. கட்டிக்கொண்டு மிதந்தார்.

மேலே ஏற்றியதும் மச்சினன் சொன்னான்: "தூணுல கட்டியிருந்தீங்க. மிதந்தீங்க. கட்டணும் மாமா."

"கட்டணும்!" என்று கூடியிருந்த படகுக்காரர்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். இருபது வருஷ வயிற்றெரிச்சல் அல்லவா!

சட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்குத் தப்பிக்க வழியா தெரியாது? அவர் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இலவசம்! சொல்ல வாயைத் திறந்தபோது, துண்டும் கையுமாக மனைவி வந்து நின்றாள். கல்யாணப் பேச்சின்போது அவளிடம் ஆறடி என்று அடித்துவிட்டிருந்தார். அன்றுமுதல் கனத்த அடி வைத்த செருப்புதான் அவர் மானத்தைக் காத்தது. அது இப்போது தண்ணீருக்கடியில் கிடந்தது.

"நீளம் எவ்வளவு மாமா?"

வெறுங்காலோடு முடிந்தமட்டும் நிமிர்ந்தார். "ஆறடி."

தன் கையாலேயே தனக்கு ரசீது எழுதி, நனைந்த நோட்டைப் பெட்டியில் போட்டார். அவர் எழுதிய முதல் பொய் ரசீது அது.

வீட்டில் மனைவி மாற்றுக் கால்சட்டையை நீட்டினாள். அதன் அடியில் எட்டு அங்குலம் மடித்துத் தைத்தவளே அவள்தான்.

"அஞ்சடி நாலுன்னு சொல்லியிருந்தா காசு மிச்சமாயிருக்குமேங்க," என்றாள்.