என் சோலோவை வாசித்தவர்

ஜுரு என்ற ஊரில் பழைய கார் விற்பவர் அவர். மாலையிலும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார் வாசிக்கும் நாங்கள், அவரையும் சேர்த்து நாலைந்து பேர், ஜெலுத்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். மற்றவர்கள் தாளம் பிடிக்க, ஒவ்வொருவராக அந்த நேரத்தில் தோன்றுவதைச் சோலோவாக வாசிக்க வேண்டும். முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வரக்கூடாது. தன் முறை வரும்வரை அவர், சுண்டுவிரலில் மாட்டித் தந்திகள்மேல் வழுக்கி வாசிக்கும் கண்ணாடிக் குழாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அப்படிக் குழாயால் வாசிக்கும் ஸ்லைட் கிட்டாரில் எனக்கு முதன்முதலாக ஒரு சோலோ உருப்படியாக அமைந்தது. மறுவாரம் அவர் குழாயைத் துடைத்து முடித்து, அதையே ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். என் குழாய் வழுக்கி அபசுரமான இடத்தைக்கூட விடவில்லை. கைதட்டல் வேறு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, அது நான் போன வாரம் வாசிச்சது!"

"போன வாரம்தானே தம்பி? இன்னைக்குப் புதுசா வரும் லா. வாசிங்க."

ஆத்திரத்தோடு கிட்டாரை எடுத்தேன். விரல்கள் நேராக அந்தப் பழைய சோலோவுக்கே போயின. வேறெதுவும் வரவில்லை.

தேநீர் கொண்டுவந்த கடைக்கார அக்கா நின்று கேட்டார். "என்ன தம்பி, அண்ணன் வாசிச்சதையே வாசிக்கிறீங்க? சொந்தமா ஏதாச்சும் போடுங்க லா!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "விடுங்கக்கா, இப்பதானே கத்துக்கிறாரு."

அவர் முகத்தில் கேலியே இல்லை. எனக்காகப் பரிந்துதான் பேசினார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.