பாதியில் நின்ற குரல்கள்

அந்த மாதம் முழுவதும் முகம் தெரியாதவர்கள் என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பல்வலியைப் பற்றிப் பேசினார். ஒரு பெண், பேருந்தில் குடையை வைத்துவிட்டு இறங்கியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இன்னொருத்தி நாத்தனாரிடம் ரசத்துக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டே, நடுநடுவே பூனையைத் திட்டினாள். அவர்கள் பேசப் பேச நான் தட்டச்சு செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறார்களாம். அதற்கு மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே எழுத்தில் வேண்டுமாம். 'ம்', 'அது வந்து' எதையும் விடக் கூடாது. பூனைக்கு விழுந்த திட்டையும் சேர்த்துத்தான் அடித்தேன்.

தாராவியில் எங்கள் சந்தில் தமிழ் பேசாத வீடு குறைவு. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆளும் குறைவு. பிள்ளைகள் வீட்டுக்குள் தமிழில் சோறு கேட்டுவிட்டு வாசலைத் தாண்டியதும் இந்தியில் சண்டை போடுவார்கள். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எனக்கு, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த தமிழ் ஒன்றுதான் கைவசம் இருந்தது. பல வருடங்களாக அது யார் வீட்டுக்காவது வந்த கல்யாணப் பத்திரிகையை வாசித்துச் சொல்லத்தான் உதவியது. மற்றபடி ஒரு சட்டைப் பட்டறையில் நின்றபடியே நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்த வேலை வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஒரு மாதம் சோதனை, பிடித்தால் நிரந்தரம். இது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

லேப்டாப் பழையது. அவர் வேலை பார்க்கும் தோல் பட்டறை முதலாளி புதிது வாங்கியபோது மலிவாகக் கொடுத்தது. வாங்கி வந்த அன்றே சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படங்கள் இருக்கும் கல் பலகையில் ஏற்றிவிட்டார். அந்தப் பலகை, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரில் பதித்தது. "படிப்பு சம்பந்தப்பட்டது, தரையில வைக்கப்பிடாது, கால் படும்" என்றார். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. செய்தித்தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதைவிட்டால் உயரமான இடமும் கிடையாது. ஒரு உயர ஸ்டூல் வாங்கிப் போட்டு, சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது வாரம் ஒரு மதியம் திரை அப்படியே நின்றது. அம்புக்குறி நகரவில்லை. காதில் பேசிக்கொண்டிருந்தவர் "அப்புறம் எங்க அண்ணன் என்ன பண்ணான்னா" என்பதோடு நின்றுவிட்டார். பிறகு திரை இருண்டு, தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒரு பதிவை முழுதாக முடித்தால்தான் அது சேமித்துக்கொள்ளும். பாதியில் நின்றால் அடித்ததெல்லாம் போச்சு.

அன்றிலிருந்து அதே கதை. ஒருநாள் இரண்டு தடவை, ஒருநாள் ஆறு தடவை, ஒருநாள் ஒன்றுமே இல்லை. காலையில் சமர்த்தாக இருக்கும், மதியத்தில்தான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். வெயிலால் இருக்கும் என்று அவர் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது காற்று வாங்கும். சார்ஜரை மாற்றினோம். யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் சுற்றிப் போட்டேன். பழம் போனதுதான் மிச்சம்.

பாதியில் நின்ற குரல்கள் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. குழம்புக்குப் புளி கரைக்கும்போது அந்த அண்ணன் என்ன பண்ணியிருப்பான் என்று யோசிப்பேன். குழாயடியில் வரிசையில் நிற்கும்போது, ஈரோட்டுப் பேச்சில் ஒரு பெண் "நானும் வந்துடறேன்னு சொன்னேனுங்க" என்பாள். எங்கே போகக் கிளம்பினாள் என்று தெரியாது. எங்கள் சந்துக்குள் மதியத்தில் கொஞ்ச நேரம்தான் வெயில் இறங்கும். அந்த வெளிச்சத்தில் தூசி மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, உறைந்த திரைக்கு முன்னால் நானும் அசையாமல் இருப்பேன். நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா, யாருடைய வாழ்க்கையில் இருக்கிறேன் என்று ஒன்றும் புரியாது. அந்த நிமிடங்கள் எனக்குப் பிடித்தும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். பிறகு திரை இருளும், வேலை போய்விடுமே என்று மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்குவேன்.

பாலத்தைத் தாண்டி மாட்டுங்காவில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். இரண்டு நாள் கழித்துப் போனால், கண்ணாடி மேசைமேல் லேப்டாப் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்திரி பகலா ஓட விட்டுப் பாத்தேம்மா. ஒரு தடவைகூட நிக்கலை. உள்ளே எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தியிருக்கேன். இனிமே நன்னா ஓடும்."

"எங்க வீட்டுலதான் சார் நிக்கிது."

"ஆத்துல நிக்கறது, கடையில நிக்கலைன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி இருந்தது அது. வீட்டுக்குக் கொண்டுவந்து பலகையில் வைத்த மதியமே நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அதன் தலையில் ஒன்று வைத்திருப்பேன். சரஸ்வதி பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன்.

மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து மேற்பார்வை பார்க்கும் பெண் போன் செய்தாள். மரியாதையான குரல்தான். "மேடம், உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எதுவும் நேரத்துக்கு வரலை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கடைசி பேட்ச் வந்தா நான் உங்களுக்காகப் பேசறேன். வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." போனை வைத்துவிட்டு, விரலில் நூல் கத்தரி போட்ட காய்ப்பு இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றே பதிவுகள் பாக்கி. சந்தில் பிள்ளைகள் இரைச்சல் கூடும் மதியங்களில் மட்டும் நான் மாட்டும், கம்பெனி அனுப்பியிருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக, காதையே மூடிவிடும். மாட்டினால் வெளி உலகம் கிடையாது. அன்று பதிவின் நடுவில் அதன் சார்ஜ் தீர்ந்தது. குரல் என் காதிலிருந்து நழுவி லேப்டாப்பின் ஸ்பீக்கருக்குப் போனது. ஒரு பக்கத்தை விலக்கினேன். முதன்முதலாக அந்த நேரத்தில் என் அறை எப்படி ஒலிக்கிறது என்று கேட்டேன்.

சுவர் உறுமிக்கொண்டிருந்தது. பலகையில் விளக்கு நடுங்கிற்று. முருகன் படத்தின் கண்ணாடி சுவரில் டிக் டிக் என்று தட்டியது. உள்ளங்கையைக் கல்லில் வைத்தேன், அதிர்வு முழங்கை வரை ஏறியது. அடுத்த நொடி திரை நின்றது.

ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா இட்லிக்காரி. சாயங்காலத்துக்குள் மாவு ஆட்டி வைத்து, விடியுமுன் அவித்து, அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விற்பார். அவள் வாசற்படியில் உட்கார்ந்தால் எங்கள் ஜன்னல் நேராகத் தெரியும். என்னைக் கண்டதும் எட்டி, எங்கள் சுவரை ஒட்டியிருந்த கிரைண்டரின் ஸ்விட்சை அணைத்தாள்.

"ஏ பிள்ள, கழட்டிட்டியா? சத்தம் கேட்டுட்டோ?"

"எப்பவும் இந்நேரம்தான் ஆட்டுவீங்களாக்கா?"

"முன்ன காலையிலதான் ஆட்டுவேன். நீ காலையில மாட்டாம வேல பாக்கும்போது, ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு இருந்ததப் பாத்தேன். நம்ம சனியன் சத்தத்தாலதான் பிள்ளைக்கு வேல ஓடலன்னு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. அதான் நீ மதியம் அந்த ஆரஞ்சு கலர மாட்டுன பெறகு சாலு பண்ணி ஓட விடுதேன். கழட்டுனா பந்த், நிப்பாட்டிருவேன். இங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்." ஏதோ ரகசியம் பிடிபட்டதுபோல வெட்கத்தோடு சிரித்தாள். "உனக்கு முன்ன இந்த வீட்டுல இருந்தவ இந்தச் சத்தத்துக்குத்தான் எங்கூடச் சண்ட போட்டுக்கிட்டு காலி பண்ணிப் போனா. நீ போயிராத, என்ன."

மூன்று வாரமாக என் வேலையைக் குலைத்துக்கொண்டிருந்தது இவள் கிரைண்டர். அதை இவள் ஓட்டியதெல்லாம் என் வேலை குலையக் கூடாது என்றுதான். சொன்னால் உடைந்துபோவாள். "சும்மா தண்ணி குடிக்க எழுந்தேன்க்கா" என்றேன்.

உள்ளே வந்து நின்றேன். நான் ஹெட்போனை மாட்டாமல் இருந்தால் போதும், சுவர் அமைதியாக இருக்கும், மூன்று பதிவும் முடிந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய குண்டான் நிறைய ஊறிய உளுந்தும் இன்னொன்றில் அரிசியும். வைகாசி வெயில். பொழுது போகப் போக உளுந்து புளித்துப்போகும், காலையில் சைக்கிள் கிளம்பாது. அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. வேறெங்கோ பார்ப்பதுபோல என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பைப் பலகையிலிருந்து எடுத்தேன். தரையில் வைக்க மனம் வரவில்லை. எதிர்ச் சுவரோரம் மெத்தையை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்து, 'தப்பா எடுத்துக்காதம்மா' என்று சரஸ்வதியிடம் சொல்லிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கத்துக் காதை, செத்துப்போன ஹெட்போனால் மூடினேன். கிரைண்டர் உடனே உறுமத் தொடங்கியது. மறு காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் குனிந்து, அந்தக் குரல்களை அடித்தேன். ஒரு வார்த்தைக்குப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. கழுத்து இற்றுவிட்டது. ஆனால் திரை ஒருமுறைகூட நிற்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிப் பதிவு போய்ச் சேர்ந்தது. மெத்தையில் அப்படியே சாய்ந்து, சுவர் அதிர்வதைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன்.

வேலை நிரந்தரமானது. மாட்டுங்காக் கடைக்காரரிடம் லேசாகக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். குலுக்கியதும் நின்றது. உள்ளே மெமரி அட்டை ஒன்று, முதல் வாரத்திலேயே அதிர்ந்து அதிர்ந்து மெல்லக் கழன்று, சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்ததாம். எடுத்துத் துடைத்து அழுத்திக் கொடுத்தார். இப்போது கிரைண்டர்மேலேயே வைத்தாலும் ஓடும்.

அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. "எனக்குச் சத்தம் பழகிட்டுக்கா, எப்ப வேணாலும் ஆட்டுங்க" என்று மட்டும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ சும்மா எனக்காகச் சொல்லுத" என்பாள், நம்பமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனைத் தேடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். அவள் மாவு ஆட்டி முடிக்கும்வரை கழற்றமாட்டேன்.