ஊருக்கெல்லாம் ஒரே சூட்கேஸ்

குவைத்தில் மைமூனாவை அறியாத கிண்ணியா ஊர்ப் பொடியன் இல்லை. அதுதான் அவளுக்கு வந்த வினை.

கணவன் மஹ்ரூப் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை பழகியவன். எழுபத்தெட்டில் அந்தக் கைப்பழக்கம் அவனைக் குவைத்துக்குக் கொண்டுபோனது. மறுவருடம் பெண்சாதி பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டான். குடும்பத்தோடு இருப்பவன் வீட்டில் அடுப்பு எரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால், தனியாய்க் கிடக்கும் ஊர்ப் பொடியன்கள் எட்டுப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். "ராத்தா, பிட்டு வாசம் ரோட்டுக்கே வருது!" என்பார்கள். வராமல் என்ன செய்யும்? ஒரு வருடத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுபோன அரிசிமாவும் மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் மூன்றாம் மாதமே அடிதட்டிவிடும். மிச்ச மாதமெல்லாம் அவளுடைய பிள்ளைகள் இரண்டும் கடைக் குபுஸ் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள்.

எண்பத்தொன்றில் விடுமுறைக்கு வந்தபோது, இந்தமுறை விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி வறுத்து, இருமி இருமி இடித்தாள். அரிசிமாவை மணக்க மணக்க வறுத்துப் பெரிய டின்னில் அடைத்தாள். இறக்கக்கண்டிக் கடற்கரையில் வாங்கிய கருவாட்டைத் தாளில் சுற்றினாள். விமானத்தில் நாலு பேருக்கும் சேர்த்து எண்பது கிலோதான் கணக்கு. மீன் வாடித் தராசை இரவல் வாங்கி, மாமரத்தில் தொங்கவிட்டுப் பெட்டிகளை நிறுத்து, மட்டாக மூடிவைத்தாள்.

புறப்படும் நாள் காலை சாப்பாட்டுச் சாமான் சூட்கேஸைத் தூக்கியவளுக்குக் கை சொன்னது: இது என் பாரமில்லை. திறந்தாள். மா டின்னைக் காணோம். அந்த இடத்தில் துணியில் சுற்றித் தைத்த ஏழு பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொடியனின் பெயர். டின் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது.

"இது ஆர்ர வேல?"

"உம்மாமார் கொண்டுவந்து தந்தது புள்ள. ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுற?" என்றான் மஹ்ரூப்.

"உங்கட புள்ளையளுக்கு மட்டும் ஏலாது எண்டு சொல்ல ஏலும், என்ன?"

"கத்தாத. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! துறையடி வரைக்கும் கேக்கட்டும்!"

கத்தரிக்கோலை எடுத்து முதல் பொட்டலத்தை வெட்டினாள். மிளகாய்த்தூள், அரிசிமா, மாசி. இரண்டாவதிலும் அதுவே. ஏழிலும் அதுவே.

அந்த நேரம் பார்த்து எட்டாவது பொட்டலத்தோடு வந்து நின்றாள் முத்தலிபின் உம்மா றுக்கியா. "மகள், முத்தலிபுக்குக் கொஞ்சம் தூள். புள்ள தனியாச் சமைச்சுத் திங்கிறான்."

மைமூனா கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள். "சாச்சி, ஆர் சொன்ன அவன் சமைக்கிறான் எண்டு?"

"காயிதத்தில எழுதுறான்தானே."

"அவங்கட கேம்பில அடுப்பு மூட்டவே விடமாட்டாங்க. போன தரம் நீங்க குடுத்த மா கட்டிலுக்குக் கீழ வண்டு பிடிச்சுக் கிடக்கு."

றுக்கியாவின் முகம் இருண்டது. "அப்ப என்னத்தத் திங்கிறான்?"

"மத்த நாள் கேம்புச் சோத்த, வெள்ளிக்கிழமையில என்ர புள்ளையள்ர சோத்த."

றுக்கியா தன் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பொய்யன்! வரட்டும் அவன்," என்றபடி தூளை மைமூனாவின் முன்னால் தள்ளினாள். "இத உன்ர சட்டியிலயே போடு."

வெட்டிய பொட்டலங்களையும் அதையும் தூள் வேறு, மா வேறு, மாசி வேறாக மூன்று பைகளில் கொட்டி, மைமூனா இறுக்கக் கட்டினாள். அது வெள்ளிக்கிழமைக்கு. தன் மா டின்னைத் திரும்பச் சூட்கேஸில் இறக்கினாள். அது பிள்ளைகளுக்கு. மூடி மூடவில்லை. மஹ்ரூபின் உடுப்பை மொத்தமாக அள்ளி வெளியே போட்டாள்.

"என்ர சேட்டெல்லாம்!"

"குவைத்தில சேட்டு விக்குது. இறக்கக்கண்டிக் கருவாடு விக்குதா?" சூட்கேஸின் மேல் ஏறியிருந்து பூட்டை அழுத்தினாள். "மறுகா இன்னொண்டும் கேளுங்க. இனி வெள்ளிக்கிழமைச் சட்டி எல்லாம் நீங்கதான் கழுவுற. சேட்டு இல்லாமலும் கழுவலாம்."