இன்வாலிதோ என்று எழுதுங்கோ!

என் சகோதரங்களே, நான் மரியறோசா. தமிழ்ப் பூசையில் எல்லோரையும் விட ஒரு தாளம் முந்திப் பாடுகிறவள் என்று என்னைப் பேசாதவர்கள் குறைவு. சாட்சியத்தையும் அப்படித்தான் சொல்வேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

முந்தின வருட ஆகஸ்டில் என் கணவர் அன்ரனுக்குப் பாரிசவாதம் வந்தது. மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவர், அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் இடக்கையும் இடக்காலும் இறுகிவிட்டன. விரல்கள் மூடினால் மூடினதுதான். நகம் உள்ளங்கையைக் கிழிக்கும். நான் ஒவ்வொரு விரலாக நெம்பித் திறந்து துடைக்க வேண்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்ப்பார். அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. குதிக்கால் நிலத்தில் படாத மனுசன் எப்படி இறங்குவார்? மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

இறுகின தசைக்குள் ஊசி போட்டால் முறுக்கு இளகும் என்று ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னார்கள். இளகியது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு கிழமையில் விரல் விரிந்தது. ஆனால் மூன்று மாதத்தில் மருந்தின் வேகம் இறங்கிவிடும், திரும்பவும் போட வேண்டும். லிபெர்த்தா வீதியில் பணக்காரர் வீடு துடைத்து நான் உழைக்கிற சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு தடவைக்கே போகும். முதல் ஊசிக்குக் காப்பை விற்றேன். இரண்டாவதுக்குச் சங்கிலி. மூன்றாவதுக்கு விற்க ஒன்றுமில்லை. கை பழையபடி மூடிக்கொண்டது.

அதே மருந்தைத்தான் நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார். இதை அறிந்த நாள், அவருடைய குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

இப்போது என் மடைத்தனத்தைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எங்கள் குடும்ப டொக்டர் ஆரம்பத்திலேயே ஒரு விண்ணப்பத்தாள் தந்திருந்தார். அதில் இத்தாலியனில் ‘இன்வாலிதோ’ என்று இருந்தது. அன்ரன் அதைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார்.

“இன்வலிட் எண்டு எழுதினா இஞ்ச இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவும் இன்வலிட் ஆகிடும். பிறகு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஊரில் இருந்த காலத்தில் அவருடைய பாஸ்போர்ட்டில் அந்த இங்கிலிஷ் சொல்லை அடித்து ஒரு கந்தோரில் திருப்பித் தந்திருந்தார்கள். தாளை அலுமாரிக்குள் துணிக்கடியில் ஒளித்து வைத்தோம்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இந்த ஊரின் காவல் புனிதை றொசாலியா அம்மாவின் மலைக்கு நடந்தே ஏறினேன். குகைக் கோவிலில் முழங்காலில் நிற்கவில்லை. நின்றபடியே கேட்டேன். “ஆண்டவரே, நான் இண்டைக்குக் கும்பிட வரேல்லை, நியாயம் கேக்க வந்தனான். சின்யோரான்ர நெத்திக்கு இருக்கிற மருந்து என்ர மனுசன்ர கைக்கு இல்லையோ? அந்தக் கையைத் திறவும். திறக்கும் மட்டும் உம்மை விடமாட்டன்.” பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்திய இத்தாலியக் கிழவி பயந்து விலகிப் போனார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், எனக்கென்ன வெட்கம்?

திங்கட்கிழமை விலை குறைத்துக் கேட்க அந்தக் கிளினிக்குக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் வாயே திறக்கவில்லை. நாக்கைச் ‘ச்’ என்று தட்டி நாடியை மேலே தூக்கினாள். இந்த ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டிக் கத்தினேன்.

அங்கே தன் முதலாளியம்மாவைக் கூட்டி வந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். பெயர் தேவி. மொரீஷியஸ்காரி, நெற்றியில் திருநீறு. தமிழ்ப் பரம்பரை, ஆனால் தமிழ் கதைக்க வராது. இத்தாலியனில்தான் கதைத்தோம்.

“உன் மனுசனுக்கு இன்வாலிதோ பத்திரம் இல்லையா? அது இருந்தால் அரச ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு வாங்க மாட்டார்களே.”

“அப்ப பெர்மெஸ்ஸோ?” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், அதிலும் இந்தச் சொல் உண்டாம். “அது செல்லாது என்கிற சொல் இல்லை, அக்கா. உடம்புக்கு இயலாதவர் என்றுதான் அர்த்தம்.”

வீட்டில் பெரிய சண்டை. “நான் செல்லாக்காசோ? அந்தப் பெட்டை சொன்னாச் சட்டமோ?” என்று அன்ரன் கத்தினார்.

“உங்கட மானத்துக்கு நான் காப்பு வித்தனான். இனி விக்க அந்த மானம்தான் கிடக்கு. இஞ்சேருங்கோ, அனுப்பினா நானும் உங்களோட பிளேனில ஏறுறன். போதுமோ?”

அடுத்த நாள் காலை அவர் சப்பாத்தை எடுத்துத் தரச் சொன்னார்.

விண்ணப்பம் கொடுத்துச் சில மாதம் கழித்து மருத்துவக் குழுவுக்கு முன்னால் கூப்பிட்டார்கள். கையைத் திறக்க முடியுமா என்று பெண் டொக்டர் கேட்டார். என்ர மனுசன் என்ன செய்தார் தெரியுமா? “முடியும், முடியும்” என்று திறந்து காட்டப் பார்க்கிறார்! முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது, ஒரு விரலும் அசையவில்லை. நான் கத்திவிட்டேன். “முடியாது டொத்தோரெஸ்ஸா! ஒருநாளும் முடியாது! இன்வாலிதோ எண்டு எழுதுங்கோ! பெரிசா எழுதுங்கோ!” பாதி தமிழ், பாதி இத்தாலியன்.

“எழுதத்தானே இருக்கிறோம் சின்யோரா, கத்தாதீர்கள்” என்றார் அவர்.

பத்திரம் வந்தது. ஆஸ்பத்திரியில் முறை வந்து ஊசியும் போட்டார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. கொஸ்தூரா பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவையும் புதுப்பித்துத் தந்தார்கள். அங்கே ஒருவரும் அவருடைய கையைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அது அரசாங்கச் சட்டம், அற்புதமில்லை என்று நம்மில் ஒருவர் எனக்குச் சொன்னார். ஓம், சட்டம் நான் மலை ஏற முதலே இருந்தது. எனக்குத் தெரியாமல் அல்லவா இருந்தது! தெரிய வைக்க ஆண்டவர் திருநீறு பூசின பிள்ளையை அனுப்பினார். அவருக்கு இஷ்டமானவரை அனுப்புவார், நாங்கள் யார் கேட்க?

மூன்று மாதத்தில் கை திரும்ப மூடப் பார்க்கும். பார்க்கட்டும். நாங்கள் திரும்பப் போவோம். உங்களில் யாராவது இப்படி ஒரு தாளை ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பூசை முடிய என்னிடம் வாருங்கள். செபியுங்கள். பணிவாகச் செபிக்க முடியாவிட்டால் சண்டை பிடித்துச் செபியுங்கள், அவர் கோபிக்க மாட்டார். நான் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு நற்கருணை நேரம், குருவானவர் வழக்கம்போல அன்ரனுடைய நாக்கில் அப்பத்தை வைக்க வந்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. இடக்கையை நீட்டினார். விரல்கள் விரிந்துதான் நின்றன. அந்தக் கையிலேயே ஆண்டவரை வாங்கினார்.