நூற்றொன்றாவது சுற்று

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். சிலமலைச் சுடுகாட்டு வழியாகவே விசிலடித்துக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவன் நான். யாராவது காத்து கருப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலை. சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

என் தாய்மாமன் மகன் வீராச்சாமி போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே கிறுக்கு. தை மாதம் மதுரையில் மாரத்தான் ஓட்டம் என்று கேள்விப்பட்டதிலிருந்து இருபத்தாறு மைலையும் சேர்ந்தே ஓடி முடிப்பது என்று பேச்சு. சொல்லித்தர ஆளில்லை, நாங்களாகவே ஒரு திட்டம் போட்டோம். சனிக்கிழமை அவன் இறங்கி வந்ததும் தேனி ரோட்டில் ஓட்டம். மழையென்றால் கிட்டங்கிக்குள் மூட்டை அடுக்குகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். ஞாயிறு காலை மலையடிவாரத்து முந்தலிலிருந்து பழைய ஒத்தையடிப் பாதையில் மெட்டு வரை நடை. ஏற்றம் ஏறினால்தான் தொடை இறுகும் என்பது அவன் கட்சி. அவன் அப்படியே எஸ்டேட்டுக்குப் போய்விடுவான், நான் இறங்கி வந்துவிடுவேன்.

கிட்டங்கிக்குள் ஓடினால் சுற்றுக் கணக்கு தப்பிப்போகும். அதனால் ஜன்னலில் ஒரு சுளகில், உள்ளே விதையில்லாத பொக்குக் காய். பக்கத்தில் ஒரு சொம்பு. ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு காயை எடுத்துச் சொம்பில் போட வேண்டும். யாருடையது எது என்று சண்டை வராமலிருக்க அவன் தன் காயின் காம்பைப் பல்லால் கடித்துவிட்டுப் போடுவான். எண்ணிப் பார்த்தால் எப்போதும் கடித்த காய் ஒன்று கூடுதலாக இருக்கும். நான் நின்று கதவுப் பக்கம் போனதும் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சுற்று ஓடிவிட்டு, "ஒண்ணு கூடக் கெடக்கட்டும் மாப்ளே" என்பான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தனியாக நடக்க வேண்டாம், ஜீப்பில் போய்விடு என்று அவனிடம் நான்தான் சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல வராது.

ஓட்டத்தையே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஐப்பசியில் ஒரு ஞாயிறு கால் தானாக முந்தலுக்குப் போய்விட்டது. பாதி ஏற்றத்தில் தழைச்சாமி என்று ஒரு கல் உண்டு. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு தழை ஒடித்துப் போட்டால் கால் வலிக்காது என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, அவன் நச்சரிப்புக்காக இரண்டு பேருக்கும் சேர்த்து நானே ஒடித்துப் போடுவேன். அன்றும் கை பழக்கத்தில் இரண்டு போட்டுவிட்டது. பின்னால் வந்த தோட்டவேலைக்கார அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"ஒத்த ஆளுக்கு ஒத்தத் தழதான் அப்பு. ரெண்டு போட்டா ரெண்டு பேரு வர்றதா சாமி நெனச்சுக்கிரும்."

எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். அவன் தழையை எடுக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. சாயங்காலம் ஆட்கள் போன பிறகு கிட்டங்கிக் கதவை உள்ளே தாழ் போட்டேன். சொம்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு நிமிர்த்தி வைத்தேன். சுளகில் நூறு காய் எண்ணி வைத்தேன், தீர்ந்ததும் நிற்க வேண்டியதுதான். முப்பது நாற்பது சுற்றுக்குப் பிறகு மூச்சு லேசாகிவிட்டது. அவனோடு ஓடும்போதுதான் எனக்கு அப்படி ஆகும். ஓட்டில் விழுந்த மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். காய் தீர்ந்தது. கதவைத் திறந்து வாசலிலேயே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்நேரம் அவன் இருந்தால் என்ன பேசியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன், அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

திரும்பி வந்து சொம்பைக் கொட்டினால், நம்பினால் நம்புங்கள், இருநூற்றொரு காய். முழுக்காய் நூறு, காம்பு கடித்தது நூற்றொன்று. மூட்டைகள் எல்லாம் தைத்தபடியே இருந்தன. நானே என்னை அறியாமல் கடித்திருப்பேனோ என்று உள்ளங்கையில் ஊதிப் பார்த்தேன், வாயில் ஏலக்காய் வாசம் துளியும் இல்லை. கடித்த காய்களில் ஒன்றில் மட்டும் காம்பு ஈரமாக இருந்தது.

தை மாதம் மதுரையில் ஓடி முடித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை வேண்டுமென்றே இரண்டு தழை போட்டுப் பார்த்தேன், கிட்டங்கியில் எத்தனையோ மாலை ஓடியும் பார்த்தேன். சொம்பில் என் காய் மட்டும்தான் கிடந்தது.

எனக்குப் பயம் எல்லாம் இல்லை. அந்தக் கூடுதல் காய் ஒன்றுதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தச் சுற்றை அவன் எப்போதும் நான் நின்ற பிறகுதான் ஓடுவான். அப்படியென்றால் நான் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவன் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.