இஞ்சி டீயில் ஒரு மாத்திரை

என்னைப் போல ஒரு முட்டாளைப் பாடாலூர் பக்கம் போகிற லாரிக்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் டீ நன்றாக இருந்ததால் மன்னித்துவிட்டார்கள்.

மெயின் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். முப்பது வயது மகன் கூட இருக்கிறான். நாலு வருடமாக அவன் காதில் யாரோ பேசுகிறார்கள். மாத்திரை உள்ளே போனால் அந்தக் குரல் அடங்கும். கல்லாவில் உட்காருவான், டிரைவர்களிடம் ஊர் விசாரிப்பான். போகாவிட்டால் சோறு இறங்காது, மூலையில் சுருண்டுவிடுவான். போன வருடம் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான். நான் யோசிக்க உட்கார்ந்தேன். நான் யோசித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த என் மனைவி ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவன் டீக்கென்று ஒரு குட்டி உரல். அதில் இஞ்சியோடு மாத்திரையையும் போட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு இடித்தேன். சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல். மடமடவென்று குடித்தான். ஆறு மாதத்தில் ஆள் தெளிந்தான். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாதே.

மாத்திரை வாங்கப் போனபோது பெரம்பலூர் டாக்டர் அவனிடம் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"டீயில வருது சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏங்க, அவர்கிட்ட சொல்லிட்டு அவர் கையில குடுங்க. வேணாம்னா இங்க கூட்டிட்டு வாங்க. இப்படி ஏமாத்தாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "எப்படிடா கண்டுபிடிச்ச?"

"மொத நாளே தெரியும்ப்பா. நீங்க திரும்பி நின்னா எதிர்ல கண்ணாடி இருக்குல்ல."

இருந்தது. மாட்டியதும் நான்தான்.

"அந்தக் குரல் ஒண்ணும் சொல்லலியா?"

"உங்கப்பன் விஷம் வைக்கிறான், குடிக்காதன்னுச்சு. ஆரம்பத்துல தெனமும். இப்பல்லாம் எப்பவாச்சும்."

சிறுவாச்சூர் தாண்டும்வரை அதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காதுக்குள் ஒருத்தன் விஷம் என்கிறான். கண்ணாடியில் அப்பன் திருட்டு முழியோடு எதையோ இடிக்கிறான். சாட்சி வேறு வேண்டுமா? அதற்குப் பிறகும் இந்தப் பிள்ளை தினமும் கை நீட்டி அந்த கிளாசை வாங்கியிருக்கிறான். டீயில் ஆடை மிதந்தாலே சண்டைக்கு வருகிற ஆட்களுக்கு முப்பது வருடமாக டீ ஆற்றுகிறேன். இப்படி ஒருத்தன் என் கடையில் குடித்ததே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை கடையில், மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பக்கத்தில் வெறும் டீ. அவன் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய்லர் கொதித்தது. யாரோ ரெண்டு டீ கேட்டார்கள், நான் நகரவில்லை. கடைசியில் வாயில் போட்டு, டீயைக் குடித்து, கிளாசைக் கவிழ்த்து வைத்தான்.

"விஷம்னு காதுல கேட்டும் ஏண்டா குடிச்ச, இத்தன நாளா?"

"நீங்க குடுத்ததுப்பா."