சாமிப் படத்தடியில் ஒரு பட்டாளத்து வில்லை

என் மாமனாருக்கு எண்பது கடந்துவிட்டது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொல்லை வைத்திருக்கிறார். தன் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்குப் போன அந்த மனிதர், ஒரு தடவை லீவில் வந்து, பெண்டாட்டி கையில் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதோடு சரி. மாமா அப்போது வயிற்றில். இது மாமாவின் ஆத்தா சொன்ன கதை. ஊர் சொன்ன கதை வேறு: பட்டாளமாவது ஒன்றாவது, ஆள் கடல் தாண்டி ரப்பர் தோட்டத்துக்கு ஓடி, அங்கே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார்.

ஊர்க் கதைக்கு அந்த வில்லையே சாட்சியாகிவிட்டது. ஆத்தா போன பிறகு அதைச் சாமிப் படங்களுக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கு வெள்ளி சந்தனமும் குங்குமமும் அப்பியதில் அது பாதி மூடிப்போயிருந்தது. பார்த்தால் அடியில் பீடம், மேலே மூன்று முனை. யாரைக் கேட்டாலும் சூலம் என்றுதான் சொல்வார்கள். போன வருடம் ஒரு காதுகுத்துப் பந்தியில் பங்காளி ஒருவர் இலைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார்:

"திருவிழாக் கடையில வாங்குன சூலத்தக் குடுத்துட்டு ஓடியிருக்காரு ஒங்கப்பாரு. பட்டாளத்துல சூலத்தையா குத்தி விடுவாய்ங்க?"

பந்தியே சிரித்தது. மாமா பாயசத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் முந்திரிப்பருப்பு வாங்கி விற்று ஊர் ஊராக அலைகிறவன்.

"மாப்ள, நீங்க நாலு எடம் போறவுக. அது என்னன்னு கேட்டுப் பாருங்க. எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிப்புடணும்."

நான் புளி போட்டுத் தேய்த்தேன். "சாமியப் போயி சொம்பு மாதிரி வெளக்குறீங்களே" என்று அத்தை முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் புளி கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தலைகீழால்ல பிடிச்சிருக்கீங்க, அண்ணே."

திருப்பினார். நாங்கள் இத்தனை காலம் பீடம் என்று கும்பிட்டது கிரீடம்.

"கிரீடம் இருந்தா வெள்ளக்காரன் காலம். நம்ம காலத்து வில்லைன்னா அங்கன சிங்கம் இருக்கும். கீழ பாருங்க, நடுவுல துப்பாக்கி, இங்கிட்டு மண்வாரி, அங்கிட்டு பிக்காசு. மூணையும் சேத்துச் சாச்சு வச்சிருக்கு. ரோடு போட, பாலங் கட்ட, சரக்கு எறக்கன்னு தனியா ஒரு படை இருந்துச்சு. அதோடது."

"நெசமாவே ஒருத்தர் போட்டிருந்ததுதானா?"

"பின்னால ரெண்டு காது இருக்குல்ல, தொப்பியில மாட்டிக் கம்பி கோக்க. தேஞ்சிருக்கு பாருங்க. யாரோ ரொம்ப நாளு மாட்டியிருக்காங்க. அது அவருதான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஆனா திருவிழாக் கடையில இது விக்காது."

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைக்காரர் உறுதி சொல்ல முடியாத இடத்தையும் சேர்த்து.

"அப்ப சண்ட போடலையா?"

"துப்பாக்கியும் இருக்கு மாமா. ஆனா வேல ரோடு போடுறது."

வில்லையை வாங்கி, பிக்காசின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். அந்த விரலும் முந்திரிக்குக் குழி வெட்டிக் காய்த்த விரல்தான்.

"ஆத்தாகிட்ட பொய் சொல்லிட்டுப் போகல" என்றார்.

திரும்பிப் போனவர் சண்டையில் செத்தாரா, வேறெங்காவது போனாரா, அது இந்த வில்லையில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. "அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ள" என்று கையமர்த்தினார்.

ஆடியில் படையல் வந்தது. அந்த வீட்டில் ஆத்தாவுக்கு மட்டும்தான் இலை விழும். ஓடினவருக்கு எதற்கு என்று மாமா பிடிவாதமாக இருந்தவர். அத்தை ஒற்றை இலையைப் போட்டுவிட்டுச் சோறு எடுக்க நிமிர்ந்தபோது, மாமா மெதுவாகச் சொன்னார்:

"பக்கத்துல இன்னொரு எலை போடு."

அத்தை இலையைத் துடைத்து, ஆத்தாவின் இலையை ஒட்டினாற்போல விரித்தார். சோறு வைக்கும்போது மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி வையி. மண்ணு வெட்டுன ஆளு, பசிக்கும்."